கும்மியைத் திரையில் கற்பித்தால் வட்டம் ஏன் உடைகிறது? உடற்கல்வி வகுப்பில் நாட்டுப்புற ஆட்டமும் கைப்பேசியும்

கொங்குமலர் (உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்) – முதல் பதிவு

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு இந்த ஆண்டு உடற்கல்விப் பாடவேளையில் கும்மியும், அதைத் தொடர்ந்து வள்ளி ஒயில் கும்மியின் தொடக்க அடவுகளும் (அடிவைப்புகளும்) கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்தேன். பந்து விளையாட்டு என்றாலே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்களை எழுப்பி ஓட வைப்பதற்கு நான் கண்ட வழிகளில் கும்மியைப் போல் பயன் தந்தது வேறில்லை. வேகமான பாட்டு ஒன்று முடிந்தவுடன் நாடித்துடிப்பை 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கச் சொன்னபோது, மைதானத்தை இரண்டு சுற்று மெதுவாக ஓடிவிட்டு எடுத்த எண்ணிக்கையை ஒட்டியே பலருக்கும் வந்தது. ஆகவே இது உடற்கல்வியா, கலைக்கல்வியா என்ற கேள்வியை நான் இங்கே எழுப்பவில்லை.

என் சிக்கல் வேறு. சிறுவயதில் அம்மாயியோடு கோயில் வாசலில் கும்மி அடித்த பழக்கம் எனக்கு உண்டு என்றாலும், முறையாக ஆசானிடம் கற்றதில்லை. எங்கள் வட்டாரத்தில் வள்ளி ஒயில் கும்மிக்கு இப்போது நல்ல செல்வாக்கு இருக்கிறது. முன்பு ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்துப் பரப்பிய கோவை மாவட்டத்து ஆசான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது எங்கள் ஊரே தனக்குக் கிடைத்ததாக மகிழ்ந்தது. இருந்தும் எல்லா ஆசான்களும் மாலை நேரங்களில் ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பகல் 11 மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு அவர்களில் யாருக்கும் நேரம் அமைவதில்லை.

ஆகவே யூடியூபில் தெளிவாக இருந்த ஒரு காணொளியைத் தேர்ந்தெடுத்து, திறன் வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, திரையில் ஓடவிட்டுக் கற்றுக்கொடுத்தேன். மூன்று வாரங்களில் 32 மாணவிகளும் அடவுகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வரிசையாக நின்று அவர்கள் ஆடியதைப் பார்த்த தலைமையாசிரியர் பாராட்டிவிட்டுப் போனார். நான்காவது வாரம் மைதானத்துக்கு அழைத்து வந்து வட்டமாக நிற்க வைத்தேன். பாட்டு தொடங்கி இரண்டாவது அடியிலேயே வட்டம் உடைந்தது. பாதிப் பேர் இடக்காலை எடுத்து வைத்தார்கள், மீதிப் பேர் வலக்காலை எடுத்து வைத்தார்கள். குனிந்து கொட்டி நிமிர்ந்தபோது முன்னால் இருப்பவளுக்கும் பின்னால் இருப்பவளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. வகுப்பறையில் எல்லாரையும்விட நன்றாக ஆடிய மாணவி, திரை இருக்க வேண்டிய திசையில் என் முகத்தைத் தேடினாள். நானோ வட்டத்துக்கு வெளியே, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பவை ஒரு கைப்பேசி, பள்ளியின் திரையும் படவீழ்த்தியும், ஒரு ப்ளூடூத் ஒலிபெருக்கி, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினிகள் ஆகியவைதாம். இவற்றை வைத்து எப்படிக் கற்பித்தால் ஆட்டம் ஆட்டமாகவே பிள்ளைகளிடம் போய்ச் சேரும்? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நந்தனம் மைதானம் (ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், சென்னை)

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். வட்டத்தை உடைத்த குற்றத்தைத் திரை ஒன்றின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அந்தக் குற்றத்தில் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். எங்கள் பயிற்சியில் லேசியம் (சலசலக்கும் சங்கிலி பூட்டிய கோல்), டம்பெல்ஸ் ஆகியவற்றோடு கும்மியும் கோலாட்டமும் இருந்தன. விளையாட்டு விழாவுக்கு 300 பிள்ளைகளை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நிறுத்தி, விசில் ஊதி, “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்று எண்ணி ஆட வைத்தோம். பார்வையாளர் மேடை ஒரு பக்கம்தான் இருந்தது என்பதால் எல்லாரும் அந்தப் பக்கமே முகம் காட்டினார்கள். பல கும்மிப் பாட்டுகள் மூன்று மூன்றாக நடப்பவை. அவற்றை நான்கு எண்ணிக்கைக்குள் திணித்தபோது பாட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம். திரை வருவதற்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே கும்மி எங்கள் கையில் வரிசையாகிவிட்டது. நீங்கள் காணொளிக்கு ஆட வைத்தீர்கள், நாங்கள் விசிலுக்கு ஆட வைத்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இன்றைய கருவிகள் எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். பின்னல் கோலாட்டம் கற்பித்தவர்களுக்கு அது புரியும். மேலே ஒரு வளையத்திலிருந்து கயிறுகள் தொங்கும், ஆளுக்கு ஒரு கயிறு. ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசையில் நடந்து, முதலில் வருபவருக்கு உள்பக்கமாகவும் அடுத்து வருபவருக்கு வெளிப்பக்கமாகவும் மாறி மாறிப் புகுந்து வர வேண்டும். பின்னல் விழுந்த பிறகு அதே வழியில் திரும்பி நடந்து அவிழ்க்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருத்தி ஒரே ஒரு முறை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால், அந்த முடிச்சு கடைசிவரை அவிழாது. இதை முன்னாலிருந்து எடுத்த காணொளியில் ஆயிரம் முறை பார்த்தாலும் விளங்காது. மேலிருந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நாங்கள் தரையில் சுண்ணாம்பால் பாதை வரைந்து காட்டுவோம், பிள்ளைகளின் கால்பட்டு அது உடனே அழிந்துவிடும். நீங்கள் கணினியில் எட்டு வண்ணப் புள்ளிகளை நகரவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டலாம். பள்ளியின் மாடித் தாழ்வாரத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். கும்மிக்கும் இதையே செய்து பாருங்கள். ஆட்டத்தின் வடிவத்தை மேலிருந்து காட்டுவதற்கு மட்டும் திரையை வைத்துக்கொண்டு, அடவைத் தரையில் கற்றுக்கொடுங்கள்.

ஒயில்வீட்டுப் பிள்ளை (தேனி மாவட்டம்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் தந்தையார் ஒயிலாட்ட வாத்தியார், எனக்குச் சலங்கை கட்டிவிட்டவரும் அவர்தான். நான் இப்போது வேறு வேலையில் இருந்தாலும் திருவிழாக் காலத்தில் அவர் குழுவோடு ஆடுகிறேன். எங்கள் ஆட்டம் வட்டத்தைவிட வரிசையை நம்பியது. அப்படியிருந்தும் உங்களுக்கு நேர்ந்த அதே குழப்பம் காணொளி பார்த்துக் கற்றவர்களிடம் எங்களுக்கும் நேர்கிறது.

ஒயிலாட்டத்தில் புதிதாகச் சேரும் பையனை வரிசையின் கடைசியில் நிறுத்துவார்கள். அவன் முதல் மாதம் முழுக்கப் பார்ப்பது முன்னால் ஆடுபவனின் குதிகாலையும் முதுகையும்தான். வாத்தியாரின் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. முன்னால் இருப்பவன் வலக்காலை எடுத்தால் இவனும் வலக்காலை எடுப்பான், அங்கே இடம் வலம் மாறுவதற்கு வழியே கிடையாது. காணொளி எடுப்பவர்களோ முகம் தெரிய வேண்டும், உடை தெரிய வேண்டும், கைக்குட்டை வீச்சு தெரிய வேண்டும் என்று எப்போதும் முன்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அது பார்ப்பவனுக்காக எடுத்த படம். கற்பவனுக்கு வேண்டிய படம் முதுகுப்பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் எடுக்கப்பட வேண்டும். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைக்காமல் ஒரு நாற்காலியின் மேல் நிறுத்தினாலே அந்த உயரம் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியிலிருந்து வந்து, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று சொல்லி என் தந்தையாரை இரண்டு மணி நேரம் ஆடச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காணொளியை வைத்தே பயிற்சி கொடுத்து ஒரு போட்டியில் பரிசும் வாங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். காணொளியில் அவர் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. ஒரு நாள் சம்பளம் கூடக் கொடுக்கவில்லை. பணத்தைவிட அவரை வருத்தியது வேறொன்று. இரண்டாம் பாட்டின் திருப்பத்தில் அன்று அவருக்கு முழங்கால் வலியால் ஓர் அடி தவறியிருந்தது. அந்தத் தவற்றையும் சேர்த்தே 16 பிள்ளைகளும் ஆடியிருக்கிறார்கள். “என்னைக் கூப்பிட்டிருந்தால் அதை மாற்றிக் கொடுத்திருப்பேனே” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆசானிடம் படம் எடுப்பவர்கள் அவர் பெயரையும் ஊரையும் படத்தின் தொடக்கத்திலேயே போட வேண்டும். ஒரு நாள் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். எடுத்த படத்தை அவருக்குப் போட்டுக்காட்டி, சரி என்று அவர் வாயால் கேட்ட பிறகே வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொங்குமலர்

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. தம்பி, உங்கள் தந்தையாருக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்குக் குற்ற உணர்வு ஏற்பட்டது. நான் யூடியூபில் எடுத்த காணொளியில் ஆடியவர் யார் என்று இதுவரை ஒரு நாளும் தேடிப் பார்க்கவில்லை. என் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லவும் இல்லை. இனி அப்படி நடக்காது.

முதுகுப்பக்கத்துப் படத்தை நேற்றே முயன்றேன். நான் ஆட, என் சக ஆசிரியை நாற்காலியில் கைப்பேசியை வைத்து எடுத்தார். இடம் வலக் குழப்பம் ஒரே வகுப்பில் தீர்ந்துவிட்டது. ஆனால் நேரம் சேரவில்லை. 32 பேர் கொட்டும்போது மழை தகரக் கூரையில் விழுவதுபோல் கேட்கிறதே தவிர, ஒரே கொட்டாகக் கேட்கவில்லை.

நிரல் நெய்பவன் (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

வணக்கம். உடல் அசைவைக் கணினி மூலம் அறியும் துறையில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ப்ளூடூத் ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கம்பியை வாங்கி இணையுங்கள். ப்ளூடூத்தில் ஒலி கிளம்புவதற்குச் சாதாரணமாக 100 முதல் 200 மில்லி விநாடிகளும், சில கருவிகளில் அதற்கு மேலும் தாமதமாகும். சில மென்பொருள்கள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சரிசெய்யும், எல்லாம் செய்வதில்லை. நிமிடத்துக்கு 120 கொட்டு என்ற வேகத்தில் ஒரு கொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 500 மில்லி விநாடிகள்தாம் இருக்கின்றன. திரையில் கால் விழுவதைப் பார்த்து ஆடும் பிள்ளைக்கும், காதில் பாட்டைக் கேட்டு ஆடும் பிள்ளைக்கும் இடையே பாதிக் கொட்டு அளவுக்கு வேறுபாடு வந்துவிடலாம். உங்கள் மழைச் சத்தத்தில் ஒரு பங்கு இதனால் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது, பலரும் இப்போது பரிந்துரைக்கும், உடலின் அசைவை அறியும் மென்பொருள்கள். கூகுளின் மீடியாபைப் (MediaPipe) போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவருடைய உடலில் 33 புள்ளிகளை அடையாளம் கண்டு, முழங்கால் எத்தனை பாகை மடிந்தது, கை எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லிவிடும். ஆசானின் கோணங்களோடு பிள்ளையின் கோணங்களை ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலியை நானே ஒரு முறை செய்து பார்த்தேன். தனியாக, கேமராவைப் பார்த்து, உடலோடு ஒட்டிய உடையில் நிற்பவரிடம் அது நன்றாக வேலை செய்தது. பாவாடையும் சேலையும் கட்டி ஆடும்போது முழங்கால் இருக்கும் இடத்தை அது ஊகிக்கத் தொடங்கியது. வட்டத்தில் ஒருவரை ஒருவர் மறைத்தபோது ஒருத்தியின் கையை இன்னொருத்தியின் தோளில் பொருத்தியது. முதுகு காட்டி நின்றவரிடம் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டையான பிள்ளைக்கும், பருமனான பிள்ளைக்கும், ஒரு காலில் சற்றே குறை உள்ள பிள்ளைக்கும் அது தொடர்ந்து குறைந்த மதிப்பெண்ணே கொடுத்தது. அவர்களுடைய தாளம் சரியாக இருந்தும் கோணம் ஆசானுடையதைப் போல் இல்லாததுதான் காரணம். அன்றே அந்தச் செயலியை நிறுத்திவிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை எழுப்பத்தான் நீங்கள் கும்மியைக் கையில் எடுத்தீர்கள். அவர்களிடம் 41 மதிப்பெண்ணைக் காட்டினால் மறுபடியும் மரத்தடிக்கே போய்விடுவார்கள்.

உங்கள் சிக்கலுக்குக் கேமராவைவிட ஒலிவாங்கியே உதவும் என்பது என் எண்ணம். சாதாரணக் கைப்பேசிக் கேமரா ஒரு விநாடிக்கு 30 படம் எடுக்கிறது, அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடிகள். ஒலிப்பதிவிலோ ஒரு விநாடிக்கு 44,100 அளவுகள் பதிவாகின்றன. கும்மியில் கை கொட்டுகிறது, ஒயிலாட்டத்தில் சலங்கை ஒலிக்கிறது, கோலாட்டத்தில் கோல் தட்டுகிறது. இந்த ஆட்டங்கள் எல்லாமே தம் தாளத்தைத் தாமே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதைக் கண்ணால் அளக்க வேண்டிய தேவை என்ன?

கைப்பேசியை வட்டத்தின் நடுவில் ஒரு முக்காலிமேல் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். நடுவில் வைத்தால் எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால் ஒலி வந்துசேரும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். 10 மீட்டர் அகல வட்டத்தின் ஓரத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்துக் கொட்டு 30 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். பதிவை ஆய்வகக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அலைவடிவம் தெரியும். எல்லாரும் ஒன்றாகக் கொட்டியிருந்தால் அந்த இடத்தில் ஊசிபோல் ஒரே கோடு எழுந்து நிற்கும். சிதறிக் கொட்டியிருந்தால் புதர்போல் பரந்து கிடக்கும். அதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எந்தக் கணினி அறிவும் தேவையில்லை. யாருடைய கை பிந்தியது என்றும் அதில் தெரியாது, வட்டம் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஒரு பிள்ளையையும் சுட்டிக்காட்டாத அளவுகோல் என்பதால்தான் இதைப் பள்ளிக்குப் பரிந்துரைக்கிறேன்.

இரு பெண்களின் தாய் (திருப்பூர்)

பெற்றோர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். என் மூத்த மகள் ஆடிய காணொளி ஒன்று, பயிற்சிக்காக எடுத்தது என்று சொல்லப்பட்டது, எங்களுக்குத் தெரியாத பல வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி எங்கள் உறவினர் ஒருவர் மூலம் எங்களிடமே திரும்பி வந்தது. தவறான எண்ணம் யாருக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் பிறகு அவள் ஆட மறுத்துவிட்டாள். பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். எடுத்ததை ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் வைத்திருக்காதீர்கள். முடிந்தால் கணுக்காலுக்குக் கீழே மட்டும் எடுங்கள். அடவு கற்பதற்குப் பாதம் தெரிந்தால் போதும் அல்லவா?

மட்டுநகர் ஆசிரியர் (மட்டக்களப்பு)

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பாடசாலைகளில் நடனமும் உடற்கல்வியும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதால் உங்கள் நிலைமை எங்களுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் வட்டத்தைப் பற்றிய உரையாடல் என்னை எழுதத் தூண்டியது.

எங்கள் நாட்டுக்கூத்து வட்டக் களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், ஆடப்படுவது. சுற்றிவரச் சனங்கள் இருப்பார்கள், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார். கூத்தர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முன்பக்கம்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, செம்மைப்படுத்தி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்த மக்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்ததற்கு அந்த முயற்சி பெரும் காரணம், அதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் மேடைக்கு வந்த கூத்தைப் பார்த்துப் பழகிய மாணவனைக் களரியில் இறக்கினால், உங்கள் மாணவியைப் போலவே அவனும் திசை தெரியாமல் நிற்கிறான். வட்டத்தில் ஆடும் வேளை, எதிரே ஆடுகிறவனின் உடலே ஒருவனுக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைத் திரையால் கொடுக்க முடியாது.

நான் கையாளும் முறை இது. அண்ணாவியார் வாயால் சொல்லும் தாளக்கட்டுகளைத் தொலைபேசியில் ஒலியாக மட்டும் பதிந்து மாணவர்களிடம் கொடுக்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒருவரும் ஆடுவதில்லை. வீட்டில் கேட்டு, வாயால் சொல்லி, கையால் தட்டி வருகிறார்கள். வாயில் தாளம் ஏறிய பிறகு காலுக்கு இறங்குவது எளிது. படம் கொடுத்தால் காலைப் பார்த்துக் காலை அசைக்கிறார்கள், தாளம் உள்ளே போவதில்லை. பொறியாளர் நண்பர் சொல்வதும் நான் சொல்வதும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒயில்வீட்டுப் பிள்ளை

பொறியாளர் அண்ணன் சொன்ன ஊசிக்கோட்டைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நேற்று இரவு தந்தையாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன்.

அடவு திரும்பும் இடத்தில் அவர் காலை ஒரு மயிரிழை தாமதமாக ஊன்றுவார். தவில்காரர் அதைக் காத்திருந்து பிடிப்பார். அந்தத் தாமதத்தில்தான் “ஒயில்” இருக்கிறது என்பது அவர் கருத்து. வரிசை முழுவதும் அந்தத் தாமதத்தைச் சேர்ந்தே எடுக்கும், அது தவறில்லை. ஆனால் கணினியில் கோட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டால், கடிகார முள்போல் ஆடத் தொடங்கிவிடுவார்களே?

இன்னொன்றையும் அவர் கேட்கச் சொன்னார். கைப்பேசியில் பாட்டைப் போட்டு ஆட வைக்கும்போது தவிலின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து ஒலி, காதில் விழுவதே இல்லை. வலப்பக்கமான வலந்தலையின் விரல் சத்தம் மட்டும் கேட்கிறது. குச்சியால் அடிக்கும் தொப்பியின் கனத்த ஒலிக்குத்தான் கால் ஊன்ற வேண்டும். அது கேட்காமல் பிள்ளை எதற்கு ஊன்றுவான்?

நிரல் நெய்பவன்

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளை எழுப்ப இயலாது, அதன் அளவே அதற்குப் போதாது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி அவசியம், திறந்த மைதானத்தில் அது இன்னும் அவசியம். பள்ளி விழாவுக்கு வைத்திருக்கும் பெட்டியையே கம்பி மூலம் இணைத்தால் தொப்பி ஒலி தரையோடு வந்து சேரும்.

முதல் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. ஊசிக்கோடு எல்லாரும் சேர்ந்து ஊன்றினார்களா என்பதை மட்டுமே காட்டுகிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது வேறு அளவு. ஆகவே உங்கள் தந்தையாரின் குழுவையே பதிவு செய்து, திரும்பும் இடத்தில் இடைவெளி சற்றே நீள்வதையும், அந்த நீட்சிக்குப் பிறகும் அத்தனை சலங்கையும் ஒரே கோட்டில் விழுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன? மயிரிழை என்று அவர் சொல்வதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

நந்தனம் மைதானம்

அருமையான யோசனை, ஆனால் தொடக்க நிலைக்கு வேண்டாம் என்பேன். இரண்டு மாதம் பழகாத பிள்ளைக்குத் தாமதத்தின் அழகைச் சொல்லிக்கொடுத்தால் சோம்பலான காலைத்தான் நமக்குத் திருப்பிக் கொடுப்பாள். முதலில் சேர்ந்து கொட்டட்டும். ஒயில் பிறகு ஆசானிடமிருந்து வரட்டும்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு சொல். உடற்கல்வியில் ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும் என்று ஆசிரியர்கள் தவிப்பதை அறிவேன். அடவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். எத்தனை நிமிடம் இடைவிடாமல் ஆடினாள், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பு என்ன, அது பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு குறிப்பேட்டில் அவளே எழுதி வரட்டும். மூன்று மாதத்தில் திரும்பும் நேரம் குறைந்திருந்தால் அது அவளுக்கே தெரியும். இதற்குக் கையில் கட்டும் விலையுயர்ந்த பட்டை எதுவும் தேவையில்லை, சுவர்க்கடிகாரம் போதும்.

கொங்குமலர் – மூன்று வாரங்களுக்குப் பிறகு

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். இங்கே பேசியவற்றில் முடிந்தவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

திரையை முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மாடியிலிருந்து எடுத்த படத்தில் வட்டம் எப்படி விரிந்து சுருங்குகிறது என்று ஒரே ஒரு முறை காட்டினேன். ஆடியவர்கள் எங்கள் ஆசிரியைகள் ஒன்பது பேர். கணித ஆசிரியை முன்வந்து ஆடியது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தியாகிவிட்டது. அடவுகளை முதுகுப்பக்கத்திலிருந்து, பாதம் மட்டும் தெரிய எடுத்த படத்தில் பாதி வேகத்தில் பார்த்தார்கள். திருப்பூர்ச் சகோதரி சொன்னபடி ஒப்புதல் கடிதம் அனுப்பியதில் நான்கு பெற்றோர் மறுத்தார்கள். அந்த நான்கு பிள்ளைகளும் எல்லாரோடும் ஆடினார்கள், பதிவுகளை முழுவதும் ஒலியாகவே வைத்துக்கொண்டதால் யாரையும் ஒதுக்கி நிறுத்த நேரவில்லை.

மட்டக்களப்பு ஐயா சொன்னதுபோல் ஒரு வாரம் பாட்டை மட்டும் பாட வைத்தேன். எங்கள் பிள்ளைகள் ஆடாமல் இரண்டு வாரம் பொறுக்க மாட்டார்கள் என்பதால் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒலிப்பதிவு நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கைப்பேசியை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “டீச்சர், எங்க ஊர்ல நடுவுல முளைப்பாரி வைப்பாங்க, அங்கதானே?” என்று கேட்டாள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து, நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஆடினார்கள். ஆய்வகத்தில் முதல் பதிவைத் திறந்தபோது பொறியாளர் சொன்ன புதர்தான் தெரிந்தது. ஒருவரும் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, பாட்டின் மூன்றாவது அடியில் மட்டும் கோடு ஊசியை நெருங்கி மெலிந்திருப்பதைக் காட்டினாள். அந்த இடத்தில் எல்லாரும் குனிந்து, எதிரே இருப்பவளின் கையைப் பார்த்துக்கொண்டு கொட்டுகிறார்கள் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மறுநாள் பாட்டு முழுவதும் எதிரே இருப்பவளைப் பார்த்தபடி ஆடினார்கள். ஆறாவது பதிவில் கோடு இன்னும் ஊசியாகவில்லை என்றாலும் புதராகவும் இல்லை. முன்பு திசை தேடி நின்ற அந்த மாணவி இப்போது என் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் அடையாள அட்டை வைத்திருக்கும் ஆசான் ஒருவர் எங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் வருவதற்கும், அவருக்கு உரிய ஊதியத்தைப் பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து கொடுப்பதற்கும் ஏற்பாடாகியிருக்கிறது. முதல் நாள் வந்தவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது அடவில் குதிகாலுக்குப் பதிலாக நுனிக்கால் ஊன்ற வேண்டும் என்று திருத்தினார். எங்கள் பாதப் படத்தில் அந்தத் தவறு மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தை அழித்துவிட்டோம். வரும் சனிக்கிழமை அவரே ஆட, அவர் பெயரையும் ஊரையும் சொல்லிப் புதிதாக எடுக்கப் போகிறோம்.

நிரல் நெய்பவன் அவர்களுக்கு ஒரு கேள்வி. மைதானத்தின் நடுவுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே 25 மீட்டர் இருக்கும். அவ்வளவு நீளக் கம்பியில் ஒலி குறையாமல் வருமா, அல்லது பெட்டியையே வட்டத்துக்குள் கொண்டுபோய் வைப்பது நல்லதா? சனிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

நிரல் நெய்பவன்

பெட்டியையே கொண்டுபோங்கள். மின்சாரத்துக்கு மட்டும் நீளக் கம்பி இழுத்து, பிள்ளைகளின் கால் தட்டாதபடி அதை மண்ணில் சிறிது புதைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிடுங்கள். கம்பியின் உறையில் எங்கும் கீறலோ ஒட்டோ இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மின்கம்பி வேண்டாம், மின்கலத்தில் ஓடும் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முக்காலிமேல் இருக்கும் கைப்பேசிக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது மூன்று மீட்டர் விடுங்கள், இல்லையென்றால் பதிவில் பாட்டு மட்டுமே கேட்கும், கொட்டு கேட்காது.

ஒயில்வீட்டுப் பிள்ளை

அக்கா, ஆசான் பாடிக்கொண்டே ஆடுபவர் என்றால் அன்று பெட்டியே வேண்டாம். அவரை வட்டத்துக்குள் விட்டுவிடுங்கள்.